சர்க்கரைக்கு எடை குறைப்பு ஆபரேஷனா, ஊசியா, சாப்பாடா: யாருக்கு எது?

போன மாதம் ஒரே வாரத்தில் மூன்று பேர் என்னிடம் கிட்டத்தட்ட ஒரே கேள்வியைக் கேட்டார்கள். கோயம்புத்தூரில் ஒரு தம்பி: வயது 38, எடை 112 கிலோ, உயரம் 170 செ.மீ., சர்க்கரை வந்து மூன்று வருடம், இரண்டு மாத்திரை. திருநெல்வேலியில் ஒரு டீச்சர்: 72 கிலோ, 157 செ.மீ., மூன்று மாத சராசரியான ஹெச்பிஏ1சி 6.1, "பார்டர்ல இருக்கீங்க" என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மூன்றாவது ஆள் எங்கள் மாமாவே. வயது 61, 86 கிலோ, சர்க்கரையோடு 17 வருடக் குடித்தனம், அதில் கடைசி ஆறு வருடம் இன்சுலின்.

மூவருக்கும் ஒரே கேள்விதான்: "ஆபரேஷன் பண்ணிட்டா சுகர் போயிடுமாமே, பண்ணிக்கலாமா? இல்ல, இப்ப வந்திருக்கிற எடை குறைக்கிற வார ஊசியே போதுமா?"

நான் டாக்டர் இல்லை. என் அக்கா 2019-ல் ஸ்லீவ் என்ற, வயிற்றைச் சிறிதாக்கும் ஆபரேஷன் செய்துகொண்டாள், அன்றிலிருந்து அவளுடைய ஃபைலைத் தூக்கிக்கொண்டு அலைபவன் நான், அதனால் எங்கள் சொந்தத்தில் இந்த விஷயத்துக்கு என்னைத்தான் பிடிக்கிறார்கள். மூன்று பேருக்கும் மூன்று வேறு பதில் சொன்னேன். அதைக் கொஞ்சம் விரிவாக எழுதிவைக்கிறேன்.

## முதலில் எதை வைத்து முடிவு செய்வது

எல்லோரும் முதலில் எடையைப் பார்க்கிறார்கள், அடுத்து பணத்தை. இரண்டும் வேண்டும்தான். ஆனால் எனக்குத் தெரிந்து முதலில் கேட்க வேண்டியது, சர்க்கரை வந்து எத்தனை வருடம் ஆச்சு? இரண்டாம் வகைச் சர்க்கரையில் கணையம் இன்சுலின் சுரக்கும் திறனை வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாக இழக்கிறது. எடையைக் குறைத்தால் கல்லீரலிலும் கணையத்திலும் சேர்ந்த கொழுப்பு கரையும், மிச்சமிருக்கும் செல்கள் மூச்சு விடும். மிச்சம் இருந்தால்தான். அது எவ்வளவு என்று ஓரளவு சொல்ல சி-பெப்டைடு என்ற ரத்தப் பரிசோதனை இருக்கிறது. ஆபரேஷன் பற்றிப் பேசும் டாக்டர் அதை எழுதிக் கொடுக்கவில்லை என்றால் நீங்களே கேளுங்கள்.

அடுத்தது பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண். கிலோவை, மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் வரும். நமக்கு அளவுகோல் வேறு. வெள்ளைக்காரர்களுக்கு 30-ல் வரும் ஆபத்து ஆசியர்களுக்கு 27.5-லேயே வந்துவிடுகிறது, ஏனென்றால் அதே எடையில் நமக்குத் தொப்பைக் கொழுப்பு அதிகம், தசை குறைவு. அதனால்தான் 2022-ல் வந்த சர்வதேச சர்ஜன் சங்கங்களின் வழிகாட்டுதல் ஆசியர்களுக்கு 27.5 முதலே ஆபரேஷனைப் பரிசீலிக்கலாம் என்கிறது. பரிசீலிக்கலாம் என்றால் உடனே போய்ப் படுத்துக்கொள்ளலாம் என்று அர்த்தம் இல்லை.

மூன்றாவது பணம், ஆனால் முதல் நாள் பில் அல்ல, ஐந்து வருடக் கணக்கு. நான்காவதை யாரும் கேட்பதில்லை: எந்த மாதிரி ஒழுங்கை உங்களால் ஆயுசுக்கும் தாங்க முடியும்? தினம் நடப்பதா, வாரம் ஒரு ஊசியா, தினம் நாலு சத்து மாத்திரையா? ஒன்றும் செய்யாமல் இருக்கும் வழி இந்தப் பட்டியலில் கிடையாது.

## நடையும் சாப்பாடும் (மெட்ஃபார்மினோடு, அல்லது இல்லாமல்)

இதைச் சொன்னால் எல்லோருக்கும் கொட்டாவி வரும். ஆனால் பார்டரில் இருப்பவர்களுக்கு இதில் நம் ஊரிலேயே எடுத்த கணக்கு இருக்கிறது. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு பார்டர் நிலையில் இருந்த ஐந்நூற்றுச் சொச்சம் பேரை மூன்று வருடம் பின்தொடர்ந்து 2006-ல் வெளியிட்டது. சும்மா விட்டவர்களில் 55 சதவீதம் பேருக்கு மூன்றே வருடத்தில் சர்க்கரை நோய் வந்துவிட்டது. நடை, உணவு மாற்றம் செய்தவர்களில் 39 சதவீதம். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் ஏறக்குறைய அதே 40. இரண்டையும் சேர்த்தால் கூடுதல் பலன் எதுவும் இல்லை. இதில் எனக்குப் பிடித்த விஷயம், அந்த ஆட்களின் எடை பெரிதாகக் குறையவே இல்லை. எடை குறையாமலே பலன் கிடைத்திருக்கிறது.

அப்போ 39 சதவீதம் பேருக்கு வந்துவிட்டதே என்று கேட்கலாம். ஆமாம், வந்தது. நடை ஒரு கேடயம்தான், கோட்டை இல்லை. பிஎம்ஐ 35-க்கு மேல், சர்க்கரையும் வந்தாயிற்று என்றால் சாயங்கால நடையை மட்டும் நம்பி ஐந்து வருடத்தைக் கழிப்பதுதான் இந்த வழியின் மறைவான செலவு. ரூபாய் போகாது, வருடம் போகும்.

## மூன்று மாதக் கடும் பத்தியம்

இது நம் ஊரில் பலருக்குத் தெரியாத வழி. பிரிட்டனில் ராய் டெய்லர், மைக் லீன் ஆகியோர் நடத்திய 'டைரக்ட்' ஆய்வில், சர்க்கரை வந்து ஆறு வருடத்துக்குள் இருப்பவர்களுக்கு, இன்சுலின் போடாதவர்களுக்கு, மூன்று முதல் ஐந்து மாதம் வரை ஒரு நாளைக்கு 850 கலோரிக்குள் சூப்பும் ஷேக்குமாகக் கொடுத்தார்கள். ஒரு வருட முடிவில் 46 சதவீதம் பேர் மாத்திரை இல்லாமல் சர்க்கரை கட்டுப்பாட்டில் இருந்தார்கள். 15 கிலோவுக்கு மேல் குறைத்தவர்களில் 86 சதவீதம். இரண்டாவது வருடம் அந்த 46, 36 ஆனது. தொடர்ந்து கவனிப்பில் இருந்தவர்களிலேயே ஐந்தாவது வருடம் 13 சதவீதம்தான். எடை திரும்பியது, சர்க்கரையும் கூடவே திரும்பியது.

சர்க்கரை புதிதாக வந்தவர், பிஎம்ஐ 28 முதல் 34 வரை, கத்தி வேண்டாம், ஊசிக்கும் காசில்லை என்றால் இதை டாக்டரின் மேற்பார்வையில் முயலலாம். மேற்பார்வை என்று அழுத்திச் சொல்லக் காரணம், கிளிமெபிரைடு மாதிரி மாத்திரையை அதே அளவில் விழுங்கிக்கொண்டு 850 கலோரியில் இருந்தால் சர்க்கரை தடாலென்று இறங்கி மயக்கம் வரும். யூடியூப் பார்த்துச் செய்யும் வேலை இல்லை.

## வார ஊசி

செமாக்ளூட்டைடு, டிர்செபடைடு. இரண்டாவது 2025 மார்ச்சில் மவுஞ்சாரோ என்ற பெயரில் இந்தியாவுக்கு வந்தது. குடலிலிருந்து வரும் ஹார்மோனைப் போலச் செய்து பசியைக் குறைப்பவை. தடுப்பு விஷயத்தில் இதன் எண்கள் உண்மையிலேயே ஆச்சரியப்படுத்துகின்றன. பருமனும் பார்டர் சர்க்கரையும் இருந்தவர்களுக்கு டிர்செபடைடை மூன்று வருடத்துக்கும் மேல் கொடுத்த ஆய்வில், நோயாக மாறும் வாய்ப்பு 94 சதவீதம் குறைந்தது.

சரி, செலவு? வந்த புதிதில் 5 மி.கி. குப்பி ஒன்று 4,375 ரூபாய், வாரத்துக்கு ஒன்று. நாலு வாரத்துக்கு 17,500. வருடத்தின் 52 வாரத்துக்கு 2 லட்சத்து 27 ஆயிரத்து 500. ஐந்து வருடம் என்றால் பதினொன்றேகால் லட்சத்துக்கு மேல், அதாவது இரண்டாவது, மூன்றாவது வருடத்திலேயே ஆபரேஷன் பில்லைத் தொட்டுவிடும். செமாக்ளூட்டைடின் காப்புரிமை இந்தியாவில் 2026 மார்ச் வரைதான், அதன்பின் இந்தியக் கம்பெனிகள் தயாரிக்க வழி திறக்கிறது, எனவே கணக்குப் போடும் முன் இன்றைய விலையை மருந்துக்கடையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் பெரிய மறைவான செலவு விலை அல்ல, நிறுத்த முடியாமை. செமாக்ளூட்டைடை நிறுத்தியவர்களுக்கு ஒரே வருடத்தில் குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. ஆறு மாதம் போட்டுவிட்டு நிறுத்திக்கொள்கிறேன் என்று சொல்பவர்கள் பணத்தை வாடகைக்குக் கொடுக்கிறார்கள், வீடு சொந்தமாகாது. குமட்டல், மலச்சிக்கல் பலருக்கு உண்டு. கொழுப்போடு தசையும் குறையும். கணைய அழற்சி வந்தவர்கள், குடும்பத்தில் மெடுல்லரி வகை தைராய்டு புற்றுநோய் இருப்பவர்கள், குழந்தைக்குத் திட்டமிடுபவர்கள் முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

பிஎம்ஐ 28 முதல் 35 வரை, மாதாமாதம் செலவைத் தாங்கும் வருமானம், கத்திக்குப் பயம் என்றால் இன்றைய தேதிக்கு இதுதான் நடுவழி. ஒத்துவரவில்லை என்றால் நிறுத்தலாம், வயிறு வயிறாகவே இருக்கும். ஆபரேஷனில் அந்த வசதி இல்லை.

## ஆபரேஷன்

என் அக்கா அப்போது 103 கிலோ, வயது 44, சர்க்கரை வந்து ஐந்து வருடம், ஹெச்பிஏ1சி 9.2. ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த அன்று காலை வெறும் வயிற்றுச் சர்க்கரை 122. மாத்திரை இல்லாமல். எடை இரண்டு கிலோகூடக் குறையவில்லை. வீட்டில் எல்லோரும் மெஷின் ரிப்பேர் என்று நினைத்து என் விரலில் குத்திப் பார்த்தார்கள்.

மெஷின் சரியாகத்தான் இருந்தது. சாப்பாடு திடீரென்று நின்றால் கல்லீரல் கொழுப்பு சில நாளிலேயே இறங்க ஆரம்பிக்கிறது. போதாததற்கு, உணவு சிறுகுடலுக்குச் சீக்கிரம் போய்ச் சேர்வதால் குடல் ஹார்மோன்கள் எகிறுகின்றன. ஊசியில் நகல் எடுத்திருக்கிறார்களே, அதே ஹார்மோன்கள். எடை குறைவதற்கு முன்பே சர்க்கரை இறங்குவதை அமெரிக்காவில் வால்டர் போரிஸ் என்ற சர்ஜன் 1995-லேயே தன் பைபாஸ் (இதய பைபாஸ் இல்லை, வயிற்றைச் சின்னதாக்கிக் குடலோடு இணைப்பது) நோயாளிகளை வைத்து எழுதிவிட்டார்.

அப்புறம், அது நிலைக்குமா? இங்கேதான் விளம்பரப் பலகைகள் அமைதியாகிவிடும். சுவீடனில் நடந்த நீண்டகால ஆய்வில் (பெரும்பாலும் பழைய பாணி ஆபரேஷன்கள்) இரண்டு வருடத்தில் 72 சதவீதம் பேருக்குச் சர்க்கரை விலகியது, பத்து வருடத்தில் அது 36 ஆனது. அமெரிக்காவில் ஐந்து வருடம் பின்தொடர்ந்த 'ஸ்டாம்பீட்' ஆய்வில் ஹெச்பிஏ1சி 6-க்குள் இருந்தவர்கள் பைபாஸில் 29 சதவீதம், ஸ்லீவில் 23, மருந்து மட்டும் எடுத்தவர்களில் 5. ஆக, "சுகர் போயிடும்" என்பது பொய், "சுகர் தள்ளிப்போகும்" என்பது உண்மை. அந்தத் தள்ளிப்போதலுக்கும் மதிப்பு உண்டு: அதே சுவீடன் ஆய்வில் ஆபரேஷன் செய்தவர்களுக்குக் கண், சிறுநீரகம், நரம்புப் பாதிப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருக்கிறது.

இன்னும் நோயே வராத பருமனானவர்களில் இந்த ஆய்வு காட்டிய தடுப்பு பெரியது. 15 வருடக் கணக்கில், ஆயிரம் பேரை ஒரு வருடம் கவனித்தால் சாதாரண சிகிச்சையில் 28 பேருக்கு நோய் வந்தது, ஆபரேஷன் செய்தவர்களில் 7 பேருக்கு.

ஸ்லீவா, பைபாஸா என்பதற்கு ஒரு அட்டவணை போட்டால் சுலபம்:

| | ஸ்லீவ் | பைபாஸ் |
|---|---|---|
| என்ன செய்கிறார்கள் | வயிற்றில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்து, மிச்சத்தை வாழைப்பழ அளவுக் குழாயாக்குகிறார்கள் | சின்னப் பை மாதிரி மேல் வயிற்றைப் பிரித்து, நேரே சிறுகுடலில் இணைக்கிறார்கள் |
| சர்க்கரைக்கு | நல்லது (நார்வே ஆய்வில் ஒரு வருடத்தில் 47% பேருக்கு விலகியது) | இன்னும் நல்லது (அதே ஆய்வில் 74%) |
| நெஞ்செரிச்சல் | வரலாம், இருந்தால் கூடலாம் | பெரும்பாலும் குறையும் |
| சத்துக் குறைபாடு | உண்டு | அதிகம் |
| இனிப்பு சாப்பிட்டால் | பொதுவாகத் தொல்லை குறைவு | படபடப்பு, வியர்வை, பேதி வரலாம். சிலருக்குச் சாப்பிட்ட இரண்டு மணி நேரத்தில் சர்க்கரை கீழே விழும் |
| வலி மாத்திரைகள் | டாக்டரைக் கேட்டு | புரூஃபென், டைக்ளோஃபெனாக் வகை கூடாது, புண் வரும் |
| பழையபடி மாற்ற | முடியாது | கோட்பாட்டளவில் முடியும், நடைமுறையில் அரிது |

'மினி பைபாஸ்' என்று ஒன்று நம் ஊரில் ரொம்பப் பிரபலம். நேரம் குறைவு, எடையும் நன்றாகக் குறையும், ஆனால் பேதியும் சத்துக் குறைபாடும் கூடுதல். சுத்த சைவம் என்றால் இதற்குச் சம்மதிக்கும் முன் புரதக் கணக்கை டயட்டீஷியனோடு உட்கார்ந்து போட்டுப் பாருங்கள்.

## ஆபரேஷன் பில்லில் இல்லாதவை

சென்னை, கோவை தனியார் மருத்துவமனைகளில் ஏறத்தாழ மூன்று முதல் ஆறு லட்சம். சென்னையின் பெரிய அரசு மருத்துவமனைகளிலும் செய்கிறார்கள். பில்லை எப்படியோ கட்டிவிடுகிறோம், அதற்கப்புறம் வருவதுதான் யாரும் சொல்லாதது.

முதல் வாரம் அக்கா குடித்தது எல்லாம் இருமல் மருந்துக்கு வரும் 30 மில்லி பிளாஸ்டிக் கப்பில். கால் மணிக்கு ஒரு கப். ஒரு மாதம் கழித்து அரை இட்லி, டீஸ்பூனால், இருபது நிமிடம். சாப்பாட்டோடு தண்ணீர் கிடையாது, அரை மணி முன்னால் அல்லது பின்னால். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால் பரிமாறுகிறவர் இலையைப் பார்த்துவிட்டு "ஏம்மா, சமையல் சரியில்லையா?" என்று முகம் வாடிக் கேட்பார். நாலாவது மாதம் குளியலறை ஜல்லடையில் முடி கொத்துக் கொத்தாக. (திரும்ப முளைத்தது. ஆனால் அந்த மூன்று மாதம் அவள் அழாத நாள் இல்லை.) தெருவில் பார்ப்பவர்கள் எல்லாம் "என்னம்மா இப்படி வத்திப்போயிட்ட, சுகர் ஜாஸ்தியாயிடுச்சா?" என்று விசாரித்தார்கள். சர்க்கரை நோய் வந்ததிலிருந்து அது நார்மலாக இருந்த ஒரே வருடம் அதுதான்.

கோவிட் காலத்தில் ஃபாலோ-அப் விட்டுப்போனது. ஆபரேஷன் செய்த இடத்திலிருந்தும் யாரும் கூப்பிடவில்லை, நாங்களும் போகவில்லை. சத்து மாத்திரை தீர்ந்தது, வாங்கவில்லை. 2021 கடைசியில் பாதம் மரத்துப்போக ஆரம்பித்தது. சர்க்கரை நரம்புப் பாதிப்பு என்று எல்லோரும் முடிவே கட்டிவிட்டோம், அதற்கு மாத்திரையும் எட்டு மாதம் ஓடியது, கடைசியில் வேறொரு டாக்டர் வைட்டமின் பி12 பார்க்கச் சொன்னார். அடிமட்டத்தில் இருந்தது. இரும்புச்சத்தும் இல்லை. பி12 ஊசி போடப் போட மரப்பு முக்கால்வாசி போனது, முழுதாகப் போகவில்லை. மெட்ஃபார்மினும் பி12-ஐக் குறைக்கும் என்பதால் இரண்டும் சேர்பவர்கள் இரட்டைக் கவனமாக இருக்க வேண்டும். இன்னொன்று, இரும்புச்சத்துக் குறைந்தால் ஹெச்பிஏ1சி உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டலாம், எனவே அந்த ஒரு எண்ணை மட்டும் நம்பாதீர்கள்.

இன்றைக்கு அக்கா 81 கிலோ. 31 குறைந்து 9 ஏறியிருக்கிறது. ஒரு மெட்ஃபார்மின் திரும்ப வந்துவிட்டது, ஹெச்பிஏ1சி 6.6. மறுபடி கேட்டால் செய்துகொள்வாயா என்றால் யோசிக்காமல் ஆமாம் என்கிறாள்.

ஆபரேஷனுக்கு முன் கேட்டே தீர வேண்டியவை சில. டாபாக்லிஃப்ளோசின் போல 'ஃப்ளோசின்' என்று முடியும் மாத்திரை எடுப்பவர்கள் அதைச் சில நாள் முன்பே நிறுத்த வேண்டும், ஆபரேஷனுக்கு முந்தைய திரவ உணவு நாட்களிலும் ஆபத்து, சர்க்கரை நார்மலாகக் காட்டும்போதே ரத்தம் அமிலமாகிவிடும். கண் டாக்டரிடம் விழித்திரையைக் காட்டிவிடுங்கள், சர்க்கரை வேகமாக இறங்கினால் ஏற்கெனவே இருக்கும் விழித்திரைப் பாதிப்பு மோசமாகலாம் (ஊசிக்கும் இது பொருந்தும்). பெண்கள் ஒன்று, ஒன்றரை வருடம் கர்ப்பத்தைத் தள்ளிப்போட வேண்டும். பித்தப்பைக் கல் வர வாய்ப்பு அதிகம். மது சுர்ரென்று ஏறும்.

உயிராபத்து? நல்ல மையங்களில் ஆயிரத்தில் ஒன்றை ஒட்டியது, பித்தப்பை ஆபரேஷன் மாதிரி. ஆனால் "நல்ல மையம்" என்பது வெறும் வார்த்தை இல்லை. 2024 ஏப்ரலில் சென்னையில் எடை குறைப்பு ஆபரேஷனுக்குப் போன ஓர் இளைஞர் இறந்ததும், அவசர நிலையைச் சமாளிக்க அங்கே போதிய வசதி இல்லை என்று அரசு விசாரணை சொன்னதும் செய்தியில் வந்தது. ஐசியு அதே கட்டடத்தில் இருக்கிறதா, ராத்திரி மயக்க டாக்டர் இருப்பாரா, சர்ஜன் வருடத்துக்கு இதில் எத்தனை செய்கிறார் என்று கேளுங்கள். கேட்டால் கோபப்படுகிற இடத்தில் செய்துகொள்ள வேண்டாம்.

## இன்சூரன்ஸ் என்ற தனிக்கதை

இது பலரை நடுவழியில் நிறுத்துகிறது. காப்பீட்டு ஆணையம் 2019-ல் வகுத்த விதிப்படி, பிஎம்ஐ 40-க்கு மேல், அல்லது 35-க்கு மேல் கட்டுக்கடங்காத சர்க்கரை போன்ற நோய்களும் சேர்ந்திருந்தால்தான் ஆபரேஷன் செலவு கிடைக்கும். மருத்துவ வழிகாட்டுதலோ ஆசியர்களுக்கு 27.5 முதலே என்று பேசுகிறது. நடுவில் மாட்டிக்கொள்பவர்தான் நம் ஊர் சராசரி சர்க்கரைக்காரர். பிஎம்ஐ 33, ஹெச்பிஏ1சி 9. டாக்டர் "பண்ணலாம்" என்பார், பாலிசி "முடியாது" என்னும். 35-ஐத் தொட வேண்டுமென்று இரண்டு மாதம் பிரியாணி சாப்பிட்ட ஒருவரை எனக்குத் தெரியும், சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. பாலிசியில் காத்திருப்புக் காலம் எத்தனை வருடம் என்பதையும் முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

## அந்த மூன்று பேருக்கும் நான் சொன்னது

டீச்சருக்கு ஆபரேஷன் வேண்டாம். பிஎம்ஐ 29, இன்னும் நோயே வரவில்லை. நடை, சாப்பாட்டு அளவு, ராத்திரி சாதத்துக்குப் பதில் காய் கூடுதலாக, ஆறு மாதத்துக்கு ஒரு முறை பரிசோதனை. எண் ஏறினால் மெட்ஃபார்மின், கையில் காசு இருந்தால் ஊசி பற்றி டாக்டரிடம் பேசலாம். இப்போதே கத்தி எடுப்பது கொசுவுக்கு அருவாள்.

மாமாவிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. 17 வருடம், இன்சுலின், பிஎம்ஐ 30. ஆபரேஷன் செய்தால் எடை குறையும், இன்சுலின் யூனிட் குறையும், ஆனால் அவர் எதிர்பார்க்கிற "சுகரே போயிடும்" நடக்கும் வாய்ப்பு சொற்பம். சி-பெப்டைடு பார்த்தார், குறைவு. இப்போது இன்சுலினோடு வார ஊசியைச் சேர்க்கலாமா என்று அவருடைய டாக்டரோடு பேசிக்கொண்டிருக்கிறார். "இதையே பத்து வருஷத்துக்கு முன்னாடி யாராவது சொல்லியிருக்கலாமே" என்றார். அப்போது அவர் 98 கிலோ, இரண்டே மாத்திரை. "எல்லாத்தையும் பார்த்துட்டு, கடைசியா ஆபரேஷன் பார்க்கலாம்" என்றுதான் அன்றைக்கு வீட்டில் நாங்கள் எல்லோரும் சொன்னோம். எது சீக்கிரம் செய்தால் பலிக்குமோ அதைக் கடைசிக்கு வைத்துவிட்டோம்.

கோயம்புத்தூர் தம்பிக்கு பிஎம்ஐ 38.8, சர்க்கரை வந்து மூன்றே வருடம், வயது 38. ஆபரேஷனைப் பற்றி நிஜமாகவே யோசிக்க வேண்டியவர் இந்த மூவரில் இவர் ஒருவர்தான், அதுவும் இப்போதே. நெஞ்செரிச்சல் இருக்கிறது என்றார், எனவே பைபாஸ் பற்றி முதலில் கேட்கச் சொன்னேன். முதலில் மூன்று மாதம் ஊசியைப் பார்த்துவிட்டு முடிவு செய்கிறேன் என்கிறார், அதுவும் தப்பில்லை, மூன்று மாதம் என்பது மூன்று வருடமாகாமல் இருந்தால் சரி. பாலிசியை எடுத்துப் பார்த்ததில் காத்திருப்புக் காலம் முடிய இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. அதுவரை சர்ஜனைப் பார்க்காமல் இருக்க வேண்டாம், போகும்போது ஒரு பி12 பரிசோதனையும் எடுத்துக்கொண்டு போ என்று சொல்லியிருக்கிறேன்.